அவையும் அங்காடியும்

(சிறு வணிகர் மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால், கேட்டுச் சிரித்துவிட்டுப் போகத்தக்க விஷயம் ஒன்றைப் பேசும்படி கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். உங்கள் செயலாளரோ, அந்த வழக்கத்தை மீறி, வரவு செலவோடு சம்பந்தப்பட்ட கேள்வி ஒன்றை என் கையில் கொடுத்து, இதற்கு விடை சொன்னாலன்றி மாலை கிடையாது என்று வேடிக்கையாகக் கட்டளையிட்டிருக்கிறார். வீணைக்குத் தந்தி விற்பவரும், தேனீ வளர்ப்போருக்குப் பெட்டி செய்து கொடுப்பவரும், மை ஊற்றி எழுதும் பேனாவைக் கடைந்து தருபவரும், பழைய நாணயம் சேகரிப்போருக்கு ஆல்பம் விற்பவரும் நிறைந்திருக்கும் இந்த மன்றத்தில், ஒவ்வொருவருடைய வாடிக்கைக்காரரும் ஆயிரம் பேருக்கு ஒருவராக ஊர் ஊராகச் சிதறிக் கிடக்க, அவர்கள் யாவரும் தத்தம் ஈடுபாட்டின்படி இணையத்தில் சிறு சிறு குழுக்களாகக் கூடி அளவளாவுகிறார்கள் என்பதை அறிந்த பின்பு, அந்தக் குழுக்களுக்குள் புகுந்து நம் சரக்கை விளம்பரம் செய்யலாமா, செய்வதானால் எவ்வாறு செய்வது என்பதே அந்தக் கேள்வி.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர் கூடிய அவையில் வணிகன் வாய் திறப்பதில் தோஷம் ஒன்றுமில்லை. தன் அறிவிப்புக்கு ஆகும் செலவைத் தான் ஏற்காமல் அவையினர் தலையில் ஏற்றிவிட்டு நழுவுவதில்தான் தோஷம் முழுவதும் இருக்கிறது. செலவு என்று நான் சொல்வது பணத்தை மட்டுமன்று. பிறருடைய பொழுது, பிறருடைய கவனம், அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கை ஆகிய இவையும் செலவுக் கணக்கில் சேர்ந்தவையே.

விளம்பரம் நமக்குப் புதிதன்று. பட்டினப்பாலை பாடிய புலவர் காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வருணிக்குமிடத்தில், கள் விற்கும் மனையின் வாயிலில் நின்ற கொடியையும், வாதுக்கு வருமாறு பிறரை அழைத்துக் கல்வியாளர் நாட்டிய கொடியையும், துறையில் அசைந்த மரக்கலங்களின் கொடியையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார். கள் விற்றவனுக்கும் கல்வி கற்றவனுக்கும் கொடி நாட்டும் உரிமை அந்த நகரத்தில் சமமாகவே இருந்தது. ஆயினும் வாது நடக்கும் இடத்தில் கள்ளுக்கடைக்காரன் தன் கொடியைக் கொண்டுபோய் நட்டதாகப் புலவர் சொல்லவில்லை. அவரவர் கொடி அவரவர் வாயிலில் நின்றது.

இணையத்தில் இந்த வரம்பு எப்படி ஏற்பட்டது, எப்படி மீறப்பட்டது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அது அமெரிக்காவில், வட கரோலினா மாகாணத்தில் தொடங்குகிறது. 1979ஆம் ஆண்டில் டியூக் சர்வகலாசாலையில் பட்ட மேற்படிப்பு மாணவர்களாயிருந்த டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இருவர், தங்கள் கணினியையும் அண்டையிலிருந்த சாப்பல் ஹில் சர்வகலாசாலையின் கணினியையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்துச் செய்தி பரிமாறும் யோசனை ஒன்றை உருவாக்கினார்கள். அதுவே யூஸ்நெட் என்னும் பெயரோடு மறு ஆண்டு வெளியுலகுக்கு வந்தது. நிரல் எழுதுவோர், விண்மீன் நோக்குவோர், சமையல் குறிப்பு மாற்றிக்கொள்வோர், திரைப்படப் பித்துடையோர் என்று ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் அதில் ஒரு தனிக் குழு அமைந்தது. பின்னாளில், கடல் கடந்து படிக்கச் சென்ற நம்மவர் பேசிக்கொள்வதற்கென்று தமிழ்ப் பண்பாட்டுக் குழு ஒன்றும், நம் சங்கீதத்தைப் பற்றித் தர்க்கம் செய்வதற்கென்று மற்றொன்றும் அதில் இருந்தன. இந்த நாட்டுச் சங்கீத விமரிசகர்களுக்குக் கிட்டாத சுதந்திரத்தோடு அங்கே வித்துவான்கள் அலசப்பட்டார்கள் என்பது வேறு கதை.

யூஸ்நெட்டுக்கு முதலாளி கிடையாது. நடுவில் ஒரு தலைமைக் கணினியும் கிடையாது. ஒருவர் எழுதிய செய்தி அவருடைய கணினியிலிருந்து அடுத்த கணினிக்கும், அதிலிருந்து மற்றொன்றுக்குமாகப் பிரதி செய்யப்பட்டு, தொலைபேசிக் கட்டணம் குறைவாயுள்ள இரவு வேளைகளில் ஊர் விட்டு ஊர் போயிற்று. கட்டணத்தைச் செலுத்தியவையும், செய்தியை வைத்துக்கொள்ள இடம் ஒதுக்கியவையும் வழியிலிருந்த சர்வகலாசாலைகளும் ஆராய்ச்சிச் சாலைகளுமே. முத்திரையில்லாமல் பெட்டியில் போட்டுவிட்ட பேரிங் தபாலுக்கு, வாங்குகிறவன் இரட்டிப்புக் காசு கொடுக்க நேர்ந்த நாட்களை இங்குள்ள பெரியோர் அறிவார்கள். யூஸ்நெட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு செய்தியும் ஒருவகையில் அத்தகைய தபாலே.

இதை எழுதுவோர் மறந்துவிடாதிருக்கும்படி ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. லாரி வால் என்பவர் 1984ஆம் ஆண்டில் எழுதிய ஆர்.என். என்ற வாசிப்பு நிரலோடு சேர்ந்துவந்த அனுப்பும் நிரலானது, உலகம் முழுவதற்கும் செல்லத்தக்க செய்தி ஒன்றை ஒருவர் அனுப்ப முற்படும்போது, இது ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகிறது, இதனால் பிறருக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட டாலர் செலவாகும், நிச்சயமாக அனுப்பத்தான் வேண்டுமா என்ற கருத்துப்பட ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும் வரையில் காத்து நிற்கும். நண்பர்களே, விளம்பர சாஸ்திரம் என்று தடித்த புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவை யாவற்றையும்விட இந்த ஒரு கேள்வி எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

அந்தச் சமூகத்தார் வியாபாரத்தை வெறுத்த சந்நியாசிகள் என்று எண்ணிவிடலாகாது. விற்பனைக்கென்றே தனிக் குழுக்கள் அங்கே இருந்தன. வணிக நிறுவனங்கள் பேசுவதற்கென்று ஒரு தனிப் பிரிவும் இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நான்கு வரிக் கையொப்பம் என்ற அழகிய சம்பிரதாயம் ஒன்று இருந்தது. ஒருவர் பிறர் கேட்ட சந்தேகத்துக்குச் சமாதானம் எழுதிவிட்டு, அடியில் தம் பெயரையும் தொழிலையும் விலாசத்தையும் நான்கு வரிக்கு மிகாமல் போட்டுக்கொள்ளலாம். மிகுந்தால் ஆக்ஷேபம் கிளம்பும். பத்து வரி உபகாரம் செய்தவனுடைய நான்கு வரி விளம்பரத்தை எவரும் பாரமாகக் கருதவில்லை. அவனிடம் ஏதேனும் வாங்க வேண்டுமென்று தோன்றியவர்கள் அந்த நான்கு வரியைத் தேடிப்போய்ப் படித்தார்கள்.

இந்த மரியாதையெல்லாம் ஒரே நாளில் குலைந்தது. அமெரிக்க அரசாங்கம், அந்நாட்டில் குடியேறும் உரிமைச் சீட்டுகளில் ஆண்டுக்கு 55,000 வரையில் குலுக்கல் முறையில் வழங்குவதென்று 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்மானித்திருந்தது. அதற்கு மனுப்போட அந்நாளில் கட்டணம் இருக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் வேண்டிய விவரங்களை எழுதித் தபாலில் போட்டால் போதுமாயிருந்தது. இவ்வளவு எளிய காரியத்தைக் கூலி வாங்கிக்கொண்டு செய்துகொடுக்க முன்வந்த, அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரத்து வக்கீல் தம்பதிகளான லாரன்ஸ் கான்டரும் மார்த்தா சீகலும், ஆள் வைத்து எழுதுவித்த ஒரு நிரலின் துணையால், 1994 ஏப்ரல் 12ஆம் தேதி தங்கள் விளம்பரத்தை யூஸ்நெட்டில் 5,000க்கு மேற்பட்ட குழுக்களில் கொட்டிவிட்டார்கள். கணித சாஸ்திரிகள், பூனை வளர்ப்போர், சமையல்காரர், கவிதை வாசிப்போர் என்ற பேதம் எதுவும் பார்க்கப்படவில்லை. இதில் நாம் கவனிக்கத்தக்க விசேஷம் என்னவென்றால், இந்தியாவில் பிறந்தவருக்கு அந்தக் குலுக்கலில் சேரவே தகுதி கிடையாது. விளம்பரம் செய்தவர்களுக்கோ எந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய அவசியமே தோன்றவில்லை.

ஒரே செய்தியைப் பல குழுக்களுக்குச் சேர்த்து அனுப்ப யூஸ்நெட்டில் ஒரு முறை இருந்தது. அவ்வாறு அனுப்பினால் ஒவ்வொரு கணினியிலும் ஒரே பிரதிதான் தங்கும். வாசகர் ஒரு குழுவில் அதைப் பார்த்துவிட்டால் மற்றக் குழுக்களில் அது மீண்டும் தலைகாட்டாது. தம்பதிகள் கையாண்ட முறையிலோ ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பிரதி போயிற்று. ஆகவே, பத்துக் குழுக்களை வாசிக்கும் ஒருவர் அதே விளம்பரத்தைப் பத்து முறையும் சகிக்க வேண்டியதாயிற்று. ஜனங்களுடைய கோபத்துக்கு விளம்பரத்தின் பொருளைவிட இந்தச் சகிப்பே பெரிய காரணமாயிருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்கிறீர்கள்! உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவிந்த கண்டனக் கடிதங்களின் பாரம் தாங்காமல், தம்பதிகளுக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கணினி திரும்பத் திரும்பச் செயலற்று விழுந்தது. அந்த நிறுவனம் அவர்களுடைய கணக்கை மூடிவிட்டது. நார்வே தேசத்தில் ஆர்ன்ட் குல்பிரான்சன் என்னும் இளைஞர், அவர்களுடைய விளம்பரம் எங்கே தோன்றினாலும் அதைத் தானே அழித்துக்கொண்டு போகும் நிரல் ஒன்றை ஏவிவிட்டார். தம்பதிகள் இதற்கெல்லாம் கலங்கினவர்கள் அல்லர். இணையத்தில் பொருள் குவிப்பது எப்படி என்று உலகத்துக்கு உபதேசிக்கும் புத்தகம் ஒன்றை அதே ஆண்டில் வெளியிட்டார்கள். விளம்பரத்தால் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வருமானம் வந்ததாகவும் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். டென்னசி மாகாணம் கான்டரை 1997இல் வக்கீல் தொழிலிலிருந்து நீக்கியபோது, அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த விளம்பர விவகாரமும் ஒன்றாயிருந்தது.

இந்த இடத்தில் உங்களில் சாமர்த்தியசாலியான ஒருவர் எழுந்து, "ஐயா, நீர் அவர்களை எவ்வளவு வைதாலும் லட்சம் டாலர் வந்ததல்லவா?" என்று கேட்கலாம். அவருக்குப் பக்கபலமாக இன்னும் ஒரு சாட்சியும் உண்டு. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், டிஜிட்டல் இக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துவெர்க் என்பவர், புதிய கணினி ஒன்றைக் காண வருமாறு, அரசாங்க ஆராய்ச்சிக்கென்று ஏற்பட்ட ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையில் சுமார் 400 பேருக்கு அழைப்பு அனுப்பி, நிர்வாகத்தின் கண்டனத்தையும் பெற்றார். அதனால் தங்களுக்குப் பெருத்த விற்பனை நடந்ததென்று பின்னாளில் அவரும் சொல்லியிருக்கிறார். ஆகையால், மரியாதை கெட்டவனுக்கு லாபம் வராது என்று நான் உங்களுக்கு ஆசீர்வாதம் செய்வதற்கில்லை. வரத்தான் செய்கிறது.

ஆனால் அந்த லாபம் யாருக்கு வரும் என்று சற்று ஆராய வேண்டும். குலுக்கலுக்கு மனுப்போட வந்தவன் வக்கீல் தம்பதிகளுக்கு ஒரு முறை பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் திரும்பி வர வேண்டியதுமில்லை, தன் சிநேகிதரிடம் அவர்களைச் சிபாரிசு செய்ய வேண்டியதுமில்லை. அவன் போனால் அவனுக்குப் பின்னால் உலகத்தில் கோடிக்கணக்கான பேர் நிற்கிறார்கள். ஒருமுறை வந்து போகும் வாடிக்கைக்காரனையே நம்பியிருப்பவன் ஊரைப் பகைத்துக்கொண்டும் பிழைக்கலாம். வீணைத் தந்தி விற்பவருடைய நிலை அதுவா? தமிழ் பேசும் உலகம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவருடைய வாடிக்கைக்காரர் சில ஆயிரம் பேருக்கு மேல் தேறமாட்டார்கள்; இன்று தந்தி வாங்கினவரே அது தேய்ந்தபின் மறுபடியும் வாங்க வேண்டும்; அவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிவார்கள்; அவர்கள் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் தந்தியைப் பற்றியும், சுருதியைப் பற்றியும், வீணைக்கு மெட்டுப் பதித்து மேளம் கட்டுகிறவர்களைப் பற்றியுமே. அந்தச் சிறு கூட்டத்தில் ஒருவர் முகம் சுளித்தால் அது மறுநாள் அனைவருக்கும் தெரியும். குழு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு விளம்பரம் பலிக்கும் என்று உங்களுக்குப் போதிப்பவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் உண்மை, குழு சிறியதாக இருக்கும் அளவுக்கு அவமதிப்பும் நிலைத்து நிற்கும் என்பது.

அதே 1994ஆம் ஆண்டில், இந்த ரகளை நடந்து ஐந்து மாதங்களுக்குள், அதே யூஸ்நெட்டில் மற்றொரு வணிக அறிவிப்பும் வெளிவந்தது. சியாட்டில் பக்கத்தில் புதிதாகக் கம்பெனி ஒன்றைத் தொடங்கியிருந்தவர், யூனிக்ஸ் கணினிகளில் கைதேர்ந்த நிரலாளர் வேண்டும் என்று வேலை வாய்ப்புக் குழுக்களில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். அவர் பெயர் ஜெஃப் பெசாஸ். அந்தக் கம்பெனியே பின்னர் அமேசான் ஆயிற்று. வேலை தேடுவோர் கூடும் இடத்தில் வேலை உண்டென்று சொன்னவர்மேல் எவருக்குக் கோபம் வரும்? இடமறிந்து சொன்ன ஒரு வார்த்தை அது. அதற்கு முன்பே, யூஸ்நெட்டின் திரைப்படக் குழுவில் நடிகர் பட்டியல்களைத் தொகுத்துப் பகிர்ந்துகொண்டிருந்தவர்களில் ஒருவராகிய கால் நீதம், அப்பட்டியல்களில் தேடுவதற்கான நிரல்களை 1990இல் அதே குழுவினருக்கு இலவசமாக அளித்தார். ஐ.எம்.டி.பி. என்று இன்று உலகறிந்த திரைப்படக் களஞ்சியம் அதிலிருந்து வளர்ந்தது. 1998இல் அமேசான் அதை விலைக்கு வாங்கியது. அதன் முதல் வாடிக்கைக்காரர்கள், அதைக் கட்டியெழுப்பிய தோழர்களே.

நம் நாட்டில் இதற்கு முன்னோடி இல்லையா என்றால், இணையம் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே இருந்தார். தேசோத்தாரகர் என்று ஆந்திர மக்கள் கொண்டாடும் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத் தைலத்தைத் தயாரிக்கத் தொடங்கியபோது, அதைப் பரப்புவதற்குக் கையாண்ட உபாயங்களில் ஒன்று, சங்கீதக் கச்சேரிகளுக்கு வருவோருக்கு இலவச மாதிரி வழங்கியதாகும். கச்சேரிக்கும் தலைவலிக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் எந்தக் கச்சேரியில் கண்டுபிடித்தார் என்று ஆராய்வது நமக்கு வேண்டாம். கச்சேரி கேட்க வந்தவருடைய செவிக்கு அவர் இடையூறு செய்யவில்லை. மேடையேறிப் பிரசங்கம் செய்யவில்லை. தைலத்தின் செலவு அவருடையது, வேண்டியவர் பூசிக்கொள்ளலாம், வேண்டாதவர் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஒரே ரசனையால் கூடினவர்கள் பிறகு ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்பதை அவர் நன்கு கணித்திருக்க வேண்டும். பின்னர் சென்னைக்கு வந்து வேரூன்றிய அந்தத் தைலத்தின் மணம் அறியாத தமிழ்க் குடும்பம் உண்டா? மயிலாப்பூரில் அவர் பெயரால் ஒரு பூங்காவே இருக்கிறது.

விளம்பரத்தை வேண்டி வரவேற்கும் குழுக்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நூலாலும் கம்பளி இழையாலும் பின்னல் வேலை செய்வோருக்கென்று அமெரிக்காவில் ஒரு தம்பதியர் 2007இல் தொடங்கிய ராவெல்ரி என்னும் கூடத்தில், பின்னல் கலையோடு சம்பந்தப்பட்ட விளம்பரங்களுக்கே இடமளிக்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே நூலுக்குச் சாயமேற்றி விற்கும் சிறு தொழிலாளியும் அங்கே இடம் பெற முடிகிறது. பின்னுகிறவர்களுக்குப் புதுச் சாயம் ஒன்று வந்திருக்கிறது என்ற அறிவிப்பு செய்திக்குச் சமானம். அது வராவிட்டால்தான் அவர்களுக்குக் குறை.

எல்லாவற்றிலும் நான் அதிகமாக அஞ்சுவது, ஓசையோடு வரும் வணிகனைக் காட்டிலும் வேஷமிட்டு வரும் வணிகனையே. ஒரு பெயரில் கேள்வி கேட்டு, மற்றொரு பெயரில் தன் கடையையே விடையாகச் சொல்லி, மூன்றாவது பெயரில் "நானும் அங்கேதான் வாங்கினேன், பேஷ்!" என்று சாட்சியும் சொல்லிக்கொள்ளும் ஒற்றை நாடகக் கம்பெனிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். நிரலாளர் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் குழுவில், தன் நிறுவனத்தின் பொருளைச் சிபாரிசு செய்பவர் தமக்கு அதனோடுள்ள சம்பந்தத்தை வெளிப்படச் சொல்லியாக வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். நம் மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2022 ஜூன் மாதத்தில் வெளியிட்ட விதிகளில், பொருளை ஆதரித்துப் பேசுபவருக்கும் வணிகருக்கும் உள்ள முக்கியமான தொடர்பு மறைக்கப்படலாகாது என்று சொல்லியிருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் இந்த வேஷம் கலைந்தே தீரும். ஏனென்றால் ஒரு துறையில் ஊறினவர்கள், அந்நியன் பேசும் பாஷையை இரண்டு வாக்கியங்களில் கண்டுகொள்வார்கள்.

யூஸ்நெட்டின் பிற்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பழைய தொகுப்பை 2001இல் தன்வசமாக்கிக்கொண்ட கூகிள் நிறுவனம், 2024 பிப்ரவரி 22ஆம் தேதியோடு அதில் புதிய செய்திகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. உண்மையான உரையாடல் குறைந்து, அங்கே வருபவற்றில் பெரும்பகுதி கோப்புப் பரிமாற்றமும் வேண்டாத விளம்பரமுமாகப் போயிற்று என்பது அந்நிறுவனம் சொன்ன காரணம். வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் பேச வந்தவர்கள் வெளியேறி, விற்க வந்தவர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் கூவிக்கொண்டிருக்கும் கூடத்தால் வணிகனுக்குத்தான் என்ன பயன்?

ஆகவே, செயலாளர் கேட்ட கேள்விக்கு என் விடை: செய்யலாம், ஆனால் வாசலில் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்றைக்கு உங்கள் கைப்பேசியிலுள்ள வாட்ஸ்அப் குழுவானாலும் சரி, உலகம் முழுவதும் பரவிய குழுவானாலும் சரி, அதை நடத்துபவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் சம்பளமின்றி, இரவில் தூக்கம் விட்டு, சண்டைகளைச் சமாதானம் செய்துகொண்டு இருப்பார். அவருக்கு உங்கள் சொந்தப் பெயரில், கடையின் விலாசத்தோடு, முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். விளம்பரத்துக்கு இடமுண்டா, எந்த நாளில், எத்தனை வரியில் என்று கேளுங்கள். இடம் கொடுத்தால், குழு நடத்த ஆகும் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் உறுப்பினராக இருந்து, தேனீப் பெட்டியில் எறும்பு ஏறாமல் தடுப்பது எப்படி என்று கேட்பவருக்கும், பேனா முனை காய்ந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பவருக்கும் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருங்கள். உங்கள் போட்டியாளருடைய பெட்டி நல்லதாயிருந்தால் அதையும் நல்லதென்றே சொல்லுங்கள். அடியில் நான்கு வரி போட்டுக்கொள்ள யாரும் தடை சொல்லமாட்டார்கள்.